ஐந்து உளிகள்

நான்கு நாடுகளுக்கும் ஒரே அரசர் மழவராயர். வயது அறுபது. அவருடைய குரு இளஞ்சாமிக்கு முப்பதுதான் இருக்கும். தெரியாதவர்கள் பார்த்தால் அரசர் பெற்ற பிள்ளை என்றே நினைப்பார்கள். ஆனாலும் குரு குருதான். அவர் முன்னால் அரசர் கைகட்டித்தான் நிற்பார்.

இரண்டாம் வருஷமும் மழை பொய்த்தது. கீழ்நாட்டில் ஒரு தாய் புளியங்கொட்டையை வேகவைத்துப் பிள்ளைகளுக்கு ஊட்டியதை மழவராயர் தம் கண்ணாலேயே பார்த்தார். அன்றிலிருந்து அவருக்கும் சோறு இறங்கவில்லை. நல்ல மனுஷர், பாவம்.

மலைநாட்டுக் களஞ்சியத்தில் சாமை நிறைய இருந்தது. "ஆயிரம் மூட்டை உடனே அனுப்புக" என்று ஓலை போனது. "களஞ்சியச் சாவி அந்தந்த நாட்டார் கையில் என்று மலையடிவாரத்து உடன்படிக்கைக் கல்லில் இருக்கிறது" என்று பதில் ஓலை வந்தது. வழக்கு நடுவர்களிடம் போயிற்று. அவர்கள் அரசர் முகத்தையும் பார்க்கவில்லை, மலைநாட்டார் முகத்தையும் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்து, மலைநாட்டார் சொல்வதே சரி என்றார்கள். வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது போல ஆயிற்று அரசருக்கு.

முந்நூறு வீரர்களோடு மலையடிவாரம் வந்துவிட்டார். அங்கேதான் குருவின் குடிசை. ஆசி வாங்காமல் மலையேற அவருக்கு மனம் வரவில்லை.

"பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள் சுவாமி. பதினோராவதாக அந்தக் கல்லும் பறக்கட்டும்" என்றார்.

இளஞ்சாமி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு துணிமூட்டையும் சுத்தியலும் எடுத்து வந்தார்.

"கல்லைத் தாண்டித்தானே மலையேற வேண்டும்? அந்த வரியை அழித்துவிட்டே போங்கள்."

இருவரும் நடந்தார்கள். பாதை முகப்பில் ஆளுயரத்துக்கு நின்றது கல். குரு மூட்டையை அவிழ்த்தார். உள்ளே ஐந்து உளிகள் இருந்தன.

மழவராயர் ஒன்றை எடுத்தார். "மற்ற நான்கும் எதற்கு, சுவாமி?"

"நாளைக்கு நான்கு நாட்டாரும் வருவார்களே. அவரவருக்கும் பிடிக்காத வரி ஒன்று இருக்காதா?"

அரசர் உளியோடு கல்லை நெருங்கினார்.

"எதை அழிக்கிறோம் என்று தெரிய வேண்டும். மேலிருந்து வாசியுங்கள்."

மழவராயர் வாசித்தார். "நான்கு நாட்டாரும் கூடி, மழவராயர் குடியை எங்களுக்கு அரசராக வைத்தோம். போரும் பெருவழியும் நாணயமும் அவர் பொறுப்பு. அந்தந்த நாட்டுக் களஞ்சியத்தின் சாவி..."

அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. அவர் கண் மறுபடி முதல் வரிக்குப் போயிற்று. சிறுவயதில் பாட்டனார் தோளில் உட்கார்ந்து, விரலை வைத்துத் தடவிப் பார்த்த வரி அது.

உளியை மெல்லத் துணியில் வைத்தார்.

"அப்படியானால் அந்தப் பிள்ளைகள் சாகட்டும் என்கிறீர்களா?"

"உத்தரவு போட்டீர்கள். வழக்குப் போட்டீர்கள். படையும் திரட்டினீர்கள்" என்றார் குரு. "அரசர் போய்க் கேட்கக் கூடாது என்று இந்தக் கல்லில் எங்கே இருக்கிறது?"

மழவராயருக்கு முகம் சிவந்தது. புளியங்கொட்டைச் சட்டி கண்ணுக்குள் வந்து போயிற்று. பிறகு இடைவாளை அவிழ்த்துக் கல்லின் அடியில் சாய்த்தார். செருப்பையும் கழற்றினார்.

மலைப்பாதையில் நாலடி வைத்தவர் திரும்பிப் பார்த்தார். வீரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இவர்களை ஊருக்கு அனுப்பிவிடட்டுமா, சுவாமி?"

"எதற்கு? வாளை இங்கே வைத்துவிட்டுப் பின்னாலேயே வரட்டும். மலைநாட்டார் கொடுத்தால், ஆயிரம் மூட்டையைச் சுமக்க ஆள் வேண்டாமா?"