ராசா தலை மாட்டிக்கிட்ட கம்பளிச் சட்டை

மேகம் வீட்டுக்குள்ள வந்து உக்காந்துட்டுப் போற ஒரு மலையூரு. அந்த ஊர்ல நஞ்சின்னு ஒருத்தி இருந்தாளாம். அவளும் அவ கூட்டாளிங்க ரெண்டு பேரும் ஆடு மேய்ச்சுக்கிட்டே கம்பளிச் சட்டை பின்னுவாங்களாம். வாயும் ஓயாது, ஊசியும் ஓயாது.

அந்த நாட்டு ராசாவுக்கு ஒரே குளிரு. போர்வை போர்த்தினாலும் நடுக்கம், நெருப்பு மூட்டினாலும் நடுக்கம், வெந்நீர்ல உக்காந்தாலும் நடுக்கம். "என் குளிரைப் போக்குறவங்க என்ன கேட்டாலும் தர்றேன்"னு தண்டோரா போட்டாரு. இவங்க ஆடு மேயுற ஆட்டுமலையை வேட்டைக்காடுன்னு சொல்லி வேலி போட்டு அடைச்சதும் அந்த மகராசன்தான். மேய்ச்சல் இல்லாம ஆடெல்லாம் எலும்பும் தோலுமா நின்னுச்சு. "ஏண்டி, நாமளே ஒரு சட்டை பின்னிக் குடுத்து மலையைத் திருப்பிக் கேப்போம்"னா நஞ்சி.

ஒருத்தி இடது கை பின்னினா, ஒருத்தி வலது கை பின்னினா, நஞ்சி உடம்பு பின்னினா. மூணையும் சேத்தாச்சு, கழுத்தை மட்டும் முடிக்கல. ஏன்னு கேளுங்க. போடுறவங்க தலையைப் பாத்துத்தான் கழுத்தை முடிக்கணும், அது அவங்க வழக்கம்.

அப்புறம், முடிக்காத கழுத்துப் பின்னலோட கண்ணியெல்லாம் ஊசியிலேயே நிக்க, சட்டையைத் தூக்கிக்கிட்டு அரமனைக்குப் போனாங்க. வாசல்ல செண்பகவடிவு நின்னா. ராசாவுக்கு உடுப்பு எடுத்துக் குடுக்கிறவ அவ.

"குடு, நான் காட்டிட்டு வர்றேன்."

"அம்மா, கழுத்து முடியல. ராசா தலையை நான் பாக்கணும்."

"நீ பாக்கணுமா? நல்லாயிருக்கே! எனக்குத் தெரியாத தலையா?"

பிடுங்கிக்கிட்டு உள்ள போயி, அவசர அவசரமா கழுத்தை இறுக்கி முடிச்சு, மேல ஏழு முடிச்சும் போட்டு, "நானே பின்னினேன் மகாராசா, எனக்கு ஆட்டுமலையைத் தாங்க, மாளிகை கட்டணும்"னா.

ராசா ஒரு கையை விட்டாரு, போச்சு. இன்னொரு கையை விட்டாரு, போச்சு. தலையை விட்டாரு, பாதியில மாட்டிக்கிச்சு. மேல குடுமி மட்டும் தெரியுது. சிரிக்காதீங்க, அவருக்கு மூச்சு முட்டுது. மந்திரி இழுத்தாரு, வரல. மல்லன் இழுத்தான், வரல. யானைப்பாகன் இழுத்தான், ராசா போட்ட கூச்சல்தான் வந்துச்சு.

"செண்பகவடிவு, நீதானே பின்னின? அவுத்து விடு!"

அவ இழுக்க இழுக்க முடிச்சு இறுகுது. "கத்திரிக்கோல் கொண்டாங்க"ன்னு அலறினா.

கூச்சல் கேட்டு நஞ்சி உள்ள ஓடியாந்தா. "வெட்டாதீங்க! வெட்டினா மூணு பேரு உழைப்பும் பிரிஞ்சு போயிடும்."

கம்பளிக்குள்ளேருந்து ராசா, "ஆமாமா, வெட்டாதே. கையெல்லாம் கதகதன்னு இருக்கு"ன்னாரு.

நஞ்சி ஊசி முனையால ஏழு முடிச்சையும் நெம்பி எடுத்து, ஒரே ஒரு வரிசையைப் பிரிச்சா. தலை பொளக்குன்னு வெளிய வந்துச்சு, மூக்கு சிவக்க. அப்புறம் கண்ணிங்களை ஊசியில ஏத்தி, ராசா தலையை ஆற அமரப் பாத்து, தளர்வா முடிச்சா. சட்டை அம்சமா உக்காந்துச்சு. நடுக்கமும் நின்னுச்சு.

"பின்னினவ யாருன்னு தெரிஞ்சுபோச்சு. உனக்கு என்ன வேணும்?"

"வேலியைப் பிரிங்க ராசா. ஆடு பசியில கத்துது."

அன்னைக்கே வேலியைப் பிரிச்சாச்சு. செண்பகவடிவுக்கு? அவ கையாலயே, அதே இறுக்கத்துல, அவளுக்கே ஒரு சட்டை பின்னி, சபையில தினம் மூணு தடவை போட்டுக் கழட்டணும்னு தீர்ப்பு. அவ மூக்கு இன்னைக்கும் சிவப்புதான்.

அதனால கண்ணுங்களா, அடுத்தவ பின்னினதை நான் பின்னினேன்னு சொல்லாதீங்க. அப்படியே சொன்னாலும், தலையைப் பாக்காம கழுத்தை முடிக்காதீங்க. கண்டுல நூலு தீந்துச்சு, எங்கிட்ட கதையும் தீந்துச்சு.