பூட்டின வீட்டுக்குப் பத்திரிகை

பொத்தையடி மடத்தில் குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்துநாலு. அதனால் சீடர் குருவைச் 'சாமி' என்பார். குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

சாமி துறவுக்கு வருமுன் காலேஜில் பலகுரல் போட்டிக்குப் போய்க் கோப்பை வாங்கியவர். மடத்துக்கு வந்தபோது கோப்பையை விட்டுவிட்டார். குரல்களை விடவில்லை.

ஆடிச் சாரல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அந்தச் சீடர், குற்றாலிங்கம் அண்ணாச்சி, மடத்துக்கு வந்தார். தென்காசியில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருப்பவர். செருப்பை வாசலில் விட்டார். குடையை மடக்கினார். விழுந்து கும்பிட்டு எழுந்தார்.

"ஒரு சந்தேகம் சாமி."

"ஆத்மாவைப் பத்தியா?"

"ஈமெயிலைப் பத்தி."

"அப்பாடா," என்றார் சாமி. "ஆத்மான்னா நானே யார்கிட்டயாவது கேக்கணும். சொல்லுங்க."

அண்ணாச்சி சொன்னார். லேபுக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் வயசானவர்கள். பிள்ளைகள் மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ரத்தம் இங்கே எடுத்தால் ரிசல்ட் அங்கே போக வேண்டும்.

"வாட்சப்ல போட்டா என்ன?"

"போட்டோம் சாமி. ஒருத்தரோட மலப் பரிசோதனை ரிசல்ட்டை லேப் பிள்ளை கைதவறி, அவங்க வீட்டுப் பெண் பாக்குற குரூப்ல போட்டுட்டா."

சாமி கண்ணை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"கல்யாணம்?"

"நடந்துச்சு. ரிசல்ட் நார்மல்."

அதன்பிறகு மெயிலுக்கு மாறினார்கள். சாதாரணக் கணக்கிலிருந்து அனுப்பினால் பாதியில் நின்றுபோகிறது. ரிசல்ட், ரசீது, பாஸ்வேர்டு என்று ஆளுக்கொரு மெயிலை உடனுக்குடன் கொண்டுசேர்ப்பதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. அண்ணாச்சி ஐந்து கம்பெனிகளிடம் விசாரித்திருந்தார். அதில் ஒன்றை ஒரு மாதம் இலவசமாகப் போட்டுப் பார்க்கிறார். அந்த மாதம் நாளையோடு முடிகிறது.

பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ஐந்தில் ஒன்று. அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், குட்மார்னிங் சார்! எங்ககிட்ட வந்தீங்கன்னா ஒரு செகண்டுக்கு ஆயிரம் மெயில் சார்! ராக்கெட் சார்!"

"யோசிச்சுச் சொல்லுதேன் தம்பி," என்று அண்ணாச்சி போனை வைத்தார்.

"சார், ஒரே ஒரு கேள்வி சார்! உங்க லேபுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் சார் வர்றாங்க?"

"ஒரு நாப்பது பேரு வருவாங்க தம்பி," என்றார் அண்ணாச்சி, போனைப் பார்த்து.

பிறகுதான் போன் வைத்தாகிவிட்டது தெரிந்தது. சாமி ஒன்றும் தெரியாதவர் போலச் சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேலி பண்ணாதீங்க சாமி. இப்ப போட்டிருக்கிறதைப் பாருங்க." அண்ணாச்சி போனை நீட்டினார். வரிசையாகப் பெயர்கள். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் பச்சையாக டிக். "எல்லாம் டெலிவர்டு. ஒண்ணுகூடச் சிவப்பு கிடையாது. முன்னெல்லாம் ரிசல்ட் மோசமா இருந்தா வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும் போன் போட்டுச் சொல்லுவோம். இப்ப பச்சை விழுந்துடுதா, அந்த வேலையும் மிச்சம்."

"நல்லது."

"மாசத்துக்கு இத்தனைன்னு குடுத்த மெயில்ல மிச்சம் சும்மாதானே கிடக்குன்னு ஆடித் தள்ளுபடியும் அதுலயே அனுப்புதேன். முழு உடம்பு பரிசோதனை. ஒருத்தர் எடுத்தா கூட வர்றவருக்குப் பாதி ரேட்டு."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

"என்னைக்கு?"

"ஆடி பூராவும்."

சாமி போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அஞ்சுல எது நல்லது சாமி? இதையே வச்சுக்கிடவா?"

சாமி எழுந்து உள்ளே போனார். மஞ்சள் தடவிய மூன்று பத்திரிகைகளோடு வந்தார்.

"குருபூஜைப் பத்திரிகை. வைக்கிறதுக்கு ஆளில்லை. மூணே வீடு. வச்சுட்டு வாங்க, சொல்லுதேன்."

"இதை வாட்ச..." என்று ஆரம்பித்த அண்ணாச்சி பெண் பார்க்கிற குரூப்பை நினைத்து நிறுத்திக்கொண்டார்.

"கடைசி வீடு ஆவுடையப்பன் வாத்தியார். வெள்ளிக்கிழமை இங்க பதிகம் பாட வருவாரே, அவரு. ரெண்டு வெள்ளியா ஆளைக் காணோம்."

அண்ணாச்சி குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

முதல் வீட்டில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். "வீட்டோட வரணுமா, இவங்க மட்டும் வந்தாப் போதுமா?" என்று அந்த அம்மா கேட்டாள். "வீட்டோட" என்று அண்ணாச்சி அழுத்திச் சொன்னபிறகுதான் பத்திரிகை சாமி படத்துக்கு முன்னால் போனது.

இரண்டாவது வீட்டுக்காரர் பத்திரிகையைத் தொடவில்லை.

"போன வருஷம் கேட்டுல சொருகிட்டுப் போயிட்டீங்கள்லா? சொருகுறதுக்கு நான் என்னவே, கரண்டு பில்லா?"

அண்ணாச்சி போன வருஷத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டார். அவர் வாங்கிக்கொண்டார்.

வாத்தியார் வீடு பூட்டியிருந்தது. அண்ணாச்சி இரண்டு தடவை கூப்பிட்டார். சாரல் மழையாகிவிட்டது. கேட்டில் ஏற்கெனவே நாலைந்து காகிதங்கள் சொருகியிருந்தன. அவற்றோடு பத்திரிகையையும் சொருகிவிட்டு வந்தார்.

"வச்சாச்சு சாமி," என்றார் மடத்தில்.

"மூணு வீடுமா?"

"மூணும்."

"முதல் வீட்ல என்ன சொன்னாங்க?"

"வீட்டோட வர்றாங்களாம்."

"ரெண்டாவது?"

"ஏசினாரு. வர்றாரு."

"வாத்தியார் என்ன சொன்னாரு?"

அண்ணாச்சி மேல்துண்டால் தலையைத் துவட்டினார். தேவைக்குமேல் துவட்டினார்.

"வீடு பூட்டியிருந்துச்சு. கேட்டுல..."

உடனே ரயில்வே ஸ்டேஷனில் அறிவிக்கிற பெண்ணின் குரல் கேட்டது. "தங்களது பத்திரிகை வெற்றிகரமாகச் சேர்க்கப்பட்டது. பச்சை. நன்றி."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்தது. சாமி சிரிக்காததைப் பார்த்ததும் நின்றுபோனது.

"ஏன் பூட்டியிருந்துச்சு அண்ணாச்சி?"

"கேக்கலியே."

"கேட்டுட்டு வாங்களேன்."

அண்ணாச்சி மறுபடி நடந்தார். பாதி வழியில் அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. வாத்தியார் போன வாரம் லேபுக்கு வந்திருந்தார். தலை கிறுகிறுக்கிறது என்றார். ரிசல்ட்டை மஸ்கட்டில் இருக்கும் மகளுக்கு அனுப்பச் சொன்னார். அண்ணாச்சியின் நடை வேகமானது. செருப்பு வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

பக்கத்து வீட்டு அக்கா வாசலுக்கு வந்தாள்.

"வாத்தியாரா? காலைலதான் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. எங்க வீட்டுக்காரரும் கூடப் போயிருக்காக. உடம்புல உப்பு குறைஞ்சு போச்சாம். ஆளுக்கு நினைவே இல்லை."

"எத்தனை நாளா முடியலை?"

"நாலஞ்சு நாளா கட்டில்லதான். நான்தான் புறவாசல் வழியாக் கஞ்சி கொண்டு குடுத்தேன். டாக்டரைப் பாப்போம்னா, 'ரத்தம் குடுத்திருக்கேன், ஏதும்னா மக சொல்லுவா, அவ ஒண்ணும் சொல்லலை, அப்ப நல்லாத்தான் இருக்கும்'னாரு."

அண்ணாச்சி போனை எடுத்துப் பார்த்தார். ஆவுடையப்பன். டெலிவர்டு. பச்சை.

மஸ்கட்டுக்குப் போன் போட்டார். மகள் உலகேஸ்வரி எடுத்தாள். ஊருக்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தாள். குரல் ஏற்கெனவே அழுது ஓய்ந்திருந்தது.

"ரிசல்ட்டா? வரவே இல்லையே அண்ணாச்சி. இன்னும் பாக்கலை போலன்னு இருந்தேன்."

"ஸ்பாம்னு ஒரு பெட்டி இருக்கும் பாரு தாயி. குப்பையெல்லாம் விழும்லா, அதுல."

உலகேஸ்வரி அந்தப் பெட்டியைத் திறந்து தேடினாள்.

"கிடக்கு அண்ணாச்சி. மேல ஒரு லாட்டரி. கீழ ஒரு லோன்காரன்." மூக்கை உறிஞ்சினாள். "தப்பு எம்பேர்லதான். உங்க லேப்ல இருந்து தினமும் ஆடித் தள்ளுபடி வந்துச்சு. ஒருநாள் எரிச்சல்ல, இந்த முகவரியே குப்பைன்னு அமுக்கிட்டேன்."

"உம்பேர்ல தப்பில்லை தாயி," என்றார் அண்ணாச்சி. போனை வைத்தார்.

கேட்டில் சொருகியிருந்ததைப் பார்த்தார். கேபிள் பில். பேங்க் தபால். துணிக்கடையின் ஆடி நோட்டீஸ். நடுவில் குருபூஜைப் பத்திரிகை, மஞ்சள் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. அதை உருவி இடுப்பில் செருகிக்கொண்டார். ஆட்டோ பிடித்தார். லேபில் நிறுத்தி ரிசல்ட்டை அச்செடுத்து வாங்கினார். வெறுங்காலோடு பெரியாஸ்பத்திரிக்குள் ஓடினார்.

டியூட்டியில் இருந்த டாக்டருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். காகிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

"போன வாரமே இவ்வளவு குறைவா?" நர்ஸ் பக்கம் திரும்பினாள். "சிஸ்டர், ட்ரிப்ஸை மெதுவா விடுங்க. திடீர்னு இறங்கினது இல்லை இது, பல நாளா இறங்கியிருக்கு. வேகமா ஏத்தினா மூளையைப் பாதிச்சிடும்." பிறகு அண்ணாச்சியிடம் சொன்னாள். "நல்லவேளை கொண்டாந்தீங்க. இது அப்பவே யாருக்கும் போகலையா?"

"போச்சு டாக்டர்," என்றார் அண்ணாச்சி. "சேரலை."

அன்று முழுவதும் அவர் வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். மறுநாளும் போனார். உலகேஸ்வரி வந்து சேரும்வரை போனார். அவள் வந்தபிறகும் போனார்.

ஒரு காலையில் வாத்தியார் கண்ணைத் திறந்து, எதிரில் இருந்தவரை உற்றுப் பார்த்தார்.

"குத்தாலம்தானே?"

"ஆமா வாத்தியாரே."

"மறுபடியும் ரத்தமா?"

"இல்லை. பத்திரிகை." அண்ணாச்சி அவர் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்தார். "குருபூஜை. வீட்டோட வரணும்."

வாத்தியார் தடவிப் பார்த்தார். "என்னவே, பத்திரிகை அப்பளம் மாதிரி இருக்கு?"

"சாரல்ல நனைஞ்சுட்டு வாத்தியாரே."

"பாட்டு ஒண்ணு பாடிருவேன்," என்றார் வாத்தியார். "உப்புப் போட்டுக் கஞ்சி தரச் சொல்லு."

வாத்தியார் வீடு திரும்பிய அன்று அண்ணாச்சி மடத்துக்கு வந்தார். செருப்பு வாரில் ஊக்கு குத்தியிருந்தது. விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. சாமி காத்திருந்தார்.

"வாத்தியார் சோறு திங்காரு சாமி. பக்கத்து வீட்டு அக்காவைக் கேலி பண்ணுதாரு."

"அப்ப தேறிட்டாரு."

"ஆடித் தள்ளுபடியை நிறுத்திட்டேன். பழைய கம்பெனியை விட்டுட்டேன். அஞ்சு பேருக்கும் நானே போன் போட்டேன். எல்லார்கிட்டயும் ஒண்ணுதான் கேட்டேன். பூட்டின வீடா இருந்தா என்ன செய்வீங்கன்னு கேட்டேன்."

சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன சொன்னாங்க? அவங்க குரல்லயே சொல்லுங்க."

அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டார். "சார்! எங்ககிட்ட பூட்டின வீடே கிடையாது சார்! இது ராக்கெட்காரன். ப்ரோ, நாங்க பூட்டையே உடைச்சிடுவோம் ப்ரோ! இது ரெண்டாவது ஆளு. மூணாவது, ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு மிஷின். ஆளே வரலை. நாலாவதுதான் பழைய ஆளு. எல்லாம் பச்சை சார்ங்கான்."

அண்ணாச்சிக்குக் குரல் மாற்ற வராது. நாலு பேரும் அண்ணாச்சி மாதிரியே பேசினார்கள். சாமி மிகவும் கஷ்டப்பட்டு முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சாவது?"

"அது ஒரு பொண்ணு." அண்ணாச்சி இந்தக் குரலுக்கு முயற்சி செய்யவில்லை. "வாசல் வரைக்கும் கொண்டுபோய்க் குடுப்போம் சார்னா. வாங்க மாட்டேன்னு திருப்பினா, ஏன் திருப்பினாங்கன்னு அப்பவே உங்களுக்குச் சொல்லுவோம். உள்ள போனப்புறம் யார் கைக்குப் போச்சு, எந்த மூலைல விழுந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியாது சார், தெரியும்னு யாராவது சொன்னா நம்பாதீங்கன்னா. அப்புறம் அவ என்னைக் கேட்டா."

"என்ன?"

"ரிசல்ட் போற வழியில வேற ஏதும் அனுப்புவீங்களா சார்னு. அனுப்புறதா இருந்தா அதுக்கு வேற முகவரி வச்சுக்கிடுங்க, இல்லேன்னா எங்ககிட்ட வராதீங்கன்னுட்டா."

"யாரு, கம்பெனிக்காரியா?"

"ஆமா சாமி. வராதேன்னு சொல்லுத கம்பெனியை இப்பதான் பாக்குதேன்."

"சேந்துட்டீங்களா?"

"சேந்துட்டேன்."

சாமி தலையாட்டினார். அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. வெளியே சாரல் விட்டிருந்தது. பொத்தைக் குன்றின் மேல் வெயில் அடித்தது.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்லை. அஞ்சுலயும் தேடி எடுத்தேன். ஆனா இவங்களும் வாசல் வரைக்கும்தானாம் சாமி."

சாமி வாசல் பக்கம் பார்த்தார். அங்கே ஊக்கு குத்திய செருப்பு கிடந்தது.

"வாசலுக்கு அப்புறம் நாமதான் நடக்கணும். அந்தச் செருப்பு இனி தாங்காது அண்ணாச்சி," என்றார், தன் சொந்தக் குரலில். "புதுசு ஒண்ணு வாங்குங்க. அதுவும் தேஞ்சா சொல்லுங்க. மடத்துல வாங்கித் தர்றோம்."