களாச்செடிக்கு முள் கட்டியவள்

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் வாய் இருந்தது. களாச்செடிக்கு முள் இல்லை. யார் கை நீட்டினாலும் கிளையைத் தாழ்த்திக் கொடுக்கும்.

மலையடிவாரத்தில் பாவாயி என்று ஒருத்தி இருந்தாள். குருவி எச்சத்தில் விழுந்து முளைத்த களாக்கன்று ஒன்றைப் பாறைச் சந்தில் கண்டு, வேர் அறாமல் பெயர்த்துவந்து வீட்டுப் பின்புறம் நட்டாள். ஆட்டுப் புழுக்கை போட்டாள். கோடையில் வேர் காயாமல் சருகைப் பரப்பி, கை கழுவிய தண்ணீரையும் அதற்கே ஊற்றினாள். காய்ந்த கிளைகளைக் கழித்துவிட்டாள். செடி அவளை அம்மா என்றது.

மூன்றாம் வருஷம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. பாவாயிக்குச் சந்தோஷம் மனசில் கொள்ளவில்லை. ஆனால் இன்று பார்த்த கொத்து நாளைக்கு இல்லை.

"யாரு வந்தாங்க?" என்று செடியைக் கேட்டாள்.

"எனக்குத் தெரியாதம்மா. கண்ணசந்துட்டேன்."

பட்டப்பகலில் எந்தச் செடி கண்ணயரும்? பாவாயி வெள்ளாட்டிடம் போனாள்.

"அந்தப் புளிப்பைக் கடிச்சா எனக்குப் பல்லு கூசும்" என்றது ஆடு. "நான் வந்திருந்தா இலை மிஞ்சியிருக்குமா? போய்ப் பாரு."

கொண்டைக்குருவியைக் கேட்டாள். "நான் கறுத்த பழத்தைத்தான் கொத்துவேன். உனக்குக் காணாமப் போறது பச்சைக் காய்" என்றது அது.

இரண்டும் முன்பே கூடிப் பேசி வைத்துக்கொண்டுதான் இப்படிச் சொல்கின்றன என்று பாவாயிக்குத் தோன்றியது. புருஷன் தூங்கும்போது அவன் வாயருகே மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். வெற்றிலை வாசம்தான் வந்தது. அதனால் மட்டும் அவனை விட்டுவிட முடியுமா?

ஒருநாள் விறகுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பாதி வழியில் திரும்பிப் பூனைபோல வந்தாள். வேலியைத் தாண்டுவதற்குள் செடி, "அம்மா, சீக்கிரமே வந்துட்டீங்களே!" என்று உரக்கக் கேட்டது. யாரோ சருகை மிதித்துக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. ஆளைக் காணோம்.

அப்போதுதான் அவளுக்கு வயிறு எரிந்தது. திருடுவது யாராகவும் இருக்கட்டும். தன் கையால் வளர்த்த செடியே அந்தத் திருடனுக்குக் காவல் நிற்கிறதே!

மறுநாள் வேலமரத்து முள்ளை ஒரு கூடை ஒடித்துவந்தாள். களாச்செடியில் கிளை பிரியும் கவடு ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு முள்ளாக, ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமும் பார்க்கும்படி வைத்து, கற்றாழை நாரால் இறுக்கிக் கட்டினாள்.

"என்னம்மா கட்டறீங்க?"

"உன்னோட நல்லதுக்குத்தான்."

செடிக்கு வலித்தது. ஆனாலும் கிளையை அசைக்காமல் நின்றது.

சில நாளில் முள் நுனியில் ஒரு நூல் பிரி மாட்டியிருந்தது. கீழே ஓர் இலையில் ரத்தம் உறைந்திருந்தது. பாவாயி செடியிடம் எதுவும் கேட்கவில்லை. கையைப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது.

முதலில் பக்கத்தில் குடியிருந்த கொழுந்தன் வீட்டுக்குப் போனாள். கொழுந்தன் பெண்டாட்டி வேலாத்தாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. பாவாயியைக் கண்டதும் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கையைக் காட்டு."

வேலாத்தாள் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கீறிக் கிடந்தது.

"திருடித் திங்கற அளவுக்கு நான் உனக்கு அந்நியமாப் போயிட்டனா? கேட்டா தரமாட்டேனா?"

"கேட்டா எதுக்குன்னு கேப்பீங்களேக்கா." வேலாத்தாள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு மூணு மாசம். முன்னாடி ரெண்டும் தங்கலை. வாய்விட்டுச் சொன்னா இதுவும் போயிருமோன்னு பயம். அவருகிட்டக்கூடச் சொல்லலை. எதைத் தின்னாலும் வெளிய வந்துருது. அந்தக் காய் மட்டும்தான் உள்ள நிக்குது. நேத்தும் இன்னைக்கும் அதுவும் இல்லை."

பாவாயி தன் வீட்டுப் பின்புறம் ஓடினாள். 

நாரை அறுத்தாள். நார் அவிழ்ந்தது, முள் வரவில்லை. அதற்குள் பட்டை அதைச் சுற்றி வளர்ந்து பிடித்துக்கொண்டிருந்தது. பிடுங்கப் பார்த்தாள். கிளை கிழிந்து, வெள்ளையாகப் பால் கசிந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கண்ணு" என்றாள்.

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு என் கிளையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்கம்மா."

"உன்னை வளர்த்தவ நானில்லையா?"

"நீங்கதான். அதனாலதான் முள்ளைக் கட்டினப்போ பேசாம நின்னேன்."

பாவாயி மறுபடியும் முள்ளில் கை வைத்தாள்.

"விட்டுடுங்கம்மா, இருக்கட்டும்" என்றது செடி. "அவங்க கையைக் கிழிச்சப்புறம் எனக்கும் புத்தி மாறிப்போச்சு. இப்ப நீங்க கையை நீட்டினாக்கூட, இது எதுக்கு வருதோன்னுதான் பாக்கறேன்."

அதற்குப் பிறகு அது வாய் திறக்கவில்லை. பாவாயி கெஞ்சினாள். தண்ணீர் ஊற்றினாள், புழுக்கை போட்டாள். செடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. பேச்சு மட்டும் இல்லை.

காய் இருந்தவரைக்கும் அவளே தினமும் பறித்து, கையெல்லாம் கீறலோடு வேலாத்தாளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எதற்கு என்று கொழுந்தன் கேட்டபோது, ஊறுகாய்க்கு என்று சொல்லிவிட்டாள். தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் செடிக்குக் காட்டினாள். ஓர் இலைகூட அசையவில்லை.

கவட்டுக்குக் கவடு இரட்டை முள்ளோடு, கிள்ளினால் பால் வடிய, தண்ணீர் ஊற்றி வளர்த்த கையென்றும் பாராமல் களாச்செடி கீறுவது அன்றைக்குத் தொடங்கியதுதான்.