தலைவர் சொன்ன எண்

தூத்துக்குடிப் பக்கம் ஒரு மீன் சந்தையில் புதுக் கடைகள் கட்டி முடித்தார்கள். எல்லாருக்கும் வாசல் கடை மேலேதான் கண். கம்ப்யூட்டரில் குலுக்கலாம் என்று அறிவித்த சங்கத் தலைவர் தாசையா, ஆபீஸில் தற்காலிகமாக வேலை பார்த்த ஜெசிந்தாவைத் தனியே அழைத்தார்.

“குலுக்கின மாதிரியும் இருக்கணும், வாசல் கடை என் மச்சானுக்கும் விழணும். முடியலைன்னா வேலைக்கு வராதே.”

ஜெசிந்தாவின் புரோகிராமில் ரேண்டம் லைப்ரரி என்ற ஆயத்த நிரல் ஒன்று பெயர்களைக் கலைத்துப் போடும். முதலில் வரும் பெயருக்கு வாசல் கடை. ஆனால் அதற்கு ஒரு தொடக்க எண் கொடுக்க வேண்டும். அதே எண்ணைக் கொடுத்தால் அதே வரிசைதான் திரும்ப வரும். எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள்.

“5831 கொடுத்தா உங்க மச்சான்தான் அண்ணாச்சி.”

குலுக்கல் அன்று அவள் கூட்டத்தைக் கேட்டாள்: “தொடக்க எண் எதுவானாலும் சரி. யார் சொல்றீங்க?”

“எழுபத்தேழு!” என்றாள் நெத்திலி விற்கும் பாக்கியம்.

தாசையா துள்ளி எழுந்தார். “அது செல்லாது! 5831தான் போடணும்!”

சந்தையே அவரைத் திரும்பிப் பார்த்தது. ஜெசிந்தா 5831 போட்டாள். முதல் பெயர், மச்சான். மறுபடி போட்டாள். மறுபடியும் மச்சான்.

“அட, இதென்ன அதிசயம்!” என்று பாக்கியம் கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். “என் எண்ணைப் போடு புள்ள, பார்ப்போம்.”

ஜெசிந்தா 77 போட்டதும் வாசல் கடை ஒரு கருவாட்டுக்காரருக்குப் போனது.

“சொன்னபடி செய்யலையே நீ!” என்று பல்லைக் கடித்தார் தாசையா.

“மச்சானுக்கு விழுந்துச்சே அண்ணாச்சி,” என்றாள் ஜெசிந்தா, “ரெண்டு தடவை.”