நிறுவ மறுத்த பொதி

கணக்கு வாத்தியார் அருணகிரி ஐம்பத்திரண்டாவது வயதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் படிக்க ஆசைப்பட்டு, கம்ப்யூட்டர் டீச்சர் ஜெசிந்தாவிடம் போய் நின்றார். ஜெசிந்தாவுக்கு முப்பத்தொன்று. பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதை ஒரு குரல் வாசித்துச் சொல்லும். அதைக் கேட்டே, இருவரும் வேலை பார்த்த பார்வையற்றோர் பள்ளியின் பதினான்கு லினக்ஸ் கணினிகளையும் அவர் பார்த்துக்கொண்டார்.

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின நாள் மதியம், கணக்குக் கேள்வித்தாளை அச்சிடும் முன்பே, பிரெய்ல் பிரிண்டரோடு இணைந்திருந்த கணினி உயிரை விட்டது. அந்தப் பழைய பிரிண்டரின் கேபிள் செருக இடமிருந்தது இன்னும் ஒரே ஒரு கணினியில்தான். யாரோ நன்கொடையாகத் தந்த கிழட்டுக் கணினி அது. அதில் பிரெய்ல் மென்பொருள் இல்லை.

அருணகிரிக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. ஆறு மாதம் படித்தவர் அல்லவா. "நானே ஏத்திடறேன்" என்று உட்கார்ந்தார்.

போன தேர்வில் கேள்விகளை ஒருவர் வாசிக்க, பிள்ளைகள் காதால் கேட்டே கணக்குப் போட்டார்கள். பத்தாம் வகுப்பு தெய்வானை பாதிக் கணக்கை மனதில் பிடித்துவைக்க முடியாமல் அழுதுவிட்டாள். "இந்தத் தடவை பிரெய்ல் கேள்வித்தாள் உன் கையில இருக்கும்மா" என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

லினக்ஸுக்கு மென்பொருள் பொதிகளாகக் கட்டி வரும்; அதில் வடிவங்கள் பல. முதலில் ஆர்பிஎம் வடிவப் பொதியை இறக்கினார். ஏறவில்லை. டெப் பொதியை இறக்கினார். அதுவும் ஏறவில்லை. எல்லாம் உள்ளடங்கியது என்று சொல்லப்பட்ட ஆப்இமேஜ் திறக்கவே மறுத்தது. ஒவ்வொரு முறையும் சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது. வந்த வேகத்தில் மவுஸால் அதை மூடினார்.

மூன்று மணிக்கு ஜெசிந்தாவிடம் போனார்.

"டீச்சர், இந்த மூணு வடிவத்துல எதுதான் நல்லது?"

"கம்ப்யூட்டர் என்ன சொல்லுது சார்?"

"ஏறாதுங்குது."

"அது சொல்றதா? நீங்க சொல்றதா?"

ஜெசிந்தா வந்து, கையால் தடவித் திரையின் சுவிட்சைக் கண்டுபிடித்து அணைத்தார். வாசிக்கும் குரலை முடுக்கினார்.

"மறுபடியும் டெப்பை ஏத்துங்க."

"திரை இல்லாமலா?"

"நான் அப்படித்தானே ஏத்தறேன்."

தடுமாறித் தட்டச்சு செய்தார். குரல் பேச ஆரம்பித்தது. பாதியில் அவர் விரல் மவுஸைத் தேடியது. ஜெசிந்தா மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். குரல் கடைசி வரி வரைக்கும் வாசித்தது: இந்தப் பொதி அறுபத்துநாலு பிட் கணினிக்கானது, இந்தக் கணினி பழைய முப்பத்திரண்டு பிட் வகை.

மற்ற இரண்டு பொதிகளையும் அருணகிரி தாமாகவே சோதித்தார். இறக்கிய பக்கத்தின் விவரத்தைக் குரல் வாசித்தது. இரண்டுமே அறுபத்துநாலு பிட்.

"அப்போ எந்த வடிவமா இருந்தாலும் ஏறியிருக்காது" என்றார் மெதுவாக. "மூணையும் தப்பான கம்ப்யூட்டருக்கு இறக்கியிருக்கேன்."

"இந்தக் கம்ப்யூட்டருக்குத் தோதா ஒண்ணு இருக்கான்னு இதோட லினக்ஸுக்குன்னு இணையத்துல இருக்கிற களஞ்சியத்திலேயே தேடுங்க."

இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய பதிப்பு.

"பழசாச்சே டீச்சர்."

"நாளைக்குத் தேர்வு சார்."

ஏற்றினார். இந்த முறை குரல் முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிறுவி முடிந்தது என்று அது சொன்னது. பிரிண்டர் ஒரு முறை முனகி, தடதடவென்று புள்ளி குத்த ஆரம்பித்தது.

முதல் தாளை ஜெசிந்தா விரலால் படித்தார். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"இங்க ஒரு கழித்தல் குறி விட்டுப்போச்சு."

"மென்பொருள் பழசுல்ல, அதான்."

"உங்க மூலத்தைப் பாருங்க."

திரையைப் போட்டுப் பார்த்தார். அவர் தட்டச்சு செய்ததிலேயே குறி இல்லை. கூச்சத்தோடு திருத்தினார். ஐந்து மணிக்குள் பதினோரு பிள்ளைகளுக்கான பிரதிகளும் உறையில் ஏறின. காலையில் தெய்வானை தன் தாளைத் தானே படிப்பாள். அருணகிரிக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

ஜெசிந்தா பையைத் தோளில் மாட்டிக் கிளம்பினார். வாசல்வரை கூடவே வந்தார் அருணகிரி.

"டீச்சர், இன்னொரு தடவை இப்படி ஏறாம நின்னா, முதல்ல எதை எடுக்கணும்?"

"மவுஸ்லேருந்து கையை எடுங்க சார்."