லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா, சாமி?

சாமியார் முன்னால் எழுந்து நின்று கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் கோட்டைச்சாமி கேட்டார்.

புளியங்குடிக்கு மேற்கே, மலையடிவாரத்து எலுமிச்சைத் தோப்புக்குள் ஓட்டுக்கூரை போட்ட சின்ன மடம் ஒன்று. வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் வந்தவர்கள் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கலாம். ஒன்றே ஒன்றுதான். பெரிய சாமி காலத்து வழக்கம் அது. அவர் அடங்கிய பிறகு அந்த இடத்தில் உட்கார்ந்தவர் சின்னச்சாமி. நாற்பது வயதுகூட ஆகவில்லை. தலை நரைத்தவர்களெல்லாம் கும்பிட்டு விழுவார்கள். அவரோ பதறி எழுந்து, "இருங்க அண்ணாச்சி, இருங்க" என்பார்.

அன்றைக்கு முதல் ஆள் மறுபிறவி பற்றிக் கேட்டார். அடுத்தவர் வினை பற்றிக் கேட்டார். அதற்கடுத்துக் கோட்டைச்சாமி எழுந்தார்.

"வீட்டுக்கு லேப்டாப் நல்லதா, டெஸ்க்டாப் நல்லதா, சாமி?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அப்படியே பிரிண்டருக்கும் சேத்துக் கேட்டுரும்வே" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

கோட்டைச்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. எலுமிச்சை மண்டியில் தரகு பார்த்தே தேய்ந்த மனிதர். ஒரு பழத்தைக் கையில் வாங்கினால் உருட்டி, அமுக்கி, மோந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். ஒரு குடை வாங்குவதென்றாலும் ஊரில் பாதிப் பேரை விசாரிப்பார். இப்போதும் கையில் ஒரு மஞ்சள் பை. அது நிறையக் கம்ப்யூட்டர் கடை நோட்டீஸ்கள்.

சாமியும் சிரிக்கவில்லை.

"யாருக்கு அண்ணாச்சி?"

"வீட்டுக்குத்தான் சாமி."

"வீட்ல யாருக்கு?"

கோட்டைச்சாமி வாயைத் திறந்தார், மூடினார், உட்கார்ந்துவிட்டார். சாமி அடுத்தவரைப் பார்த்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே ஆள், அதே மஞ்சள் பை, அதே கேள்வி. 

"யாருக்கு அண்ணாச்சி?"

"ஆவுடைக்கு."

இந்தத் தடவை ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆவுடையம்மாள் அவர் மனைவி. அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

ஒரே மகள், நாகஜோதி. வீட்டில் நாகு. வெளிநாட்டுக்காரர்கள் கட்டுகிற கட்டடங்களுக்கு வீட்டிலிருந்தே படம் வரைந்து அனுப்புகிற வேலை அவளுக்கு. அங்கே பகல் என்றால் இங்கே ராத்திரி. ராத்திரி பூரா வேலை பார்ப்பாள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாள். சாதாரணக் காய்ச்சல்தானே என்று கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவ்வளவுதான், முடிந்துபோனது.

பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் நாகு படத்துக்கு முன்னால் விளக்கு அணையாமல் எரிந்தது. காரியம் முடிந்ததும் அதைக் குளிர வைத்தார்கள். மறுநாள் காலையில் ஆவுடையம்மாள் போய் மகளுடைய கம்ப்யூட்டரைப் போட்டாள். போட்டவள் அணைக்கவே இல்லை. பகலென்றும் இல்லை, ராத்திரியென்றும் இல்லை, அதற்கு முன்னால் உட்கார்ந்தே இருக்கிறாள். சோற்றை அந்த அறை வாசலில் கொண்டு வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

"கரண்ட் போனா பெட்டி நின்னுருது சாமி" என்றார் கோட்டைச்சாமி. "நின்னதும் அவ அலறுதா. பிள்ளையத் தூக்குன அன்னைக்கு அலறினால்லா, அதே அலறல். அக்கம்பக்கமெல்லாம் ஓடி வருது. யுபிஎஸ் வாங்கி வச்சேன். அது கொஞ்ச நேரம் கீ கீன்னு கத்திட்டு அதுவும் நின்னுருது."

"ம்."

"லேப்டாப்னா பேட்டரி இருக்காம். கரண்ட் போனாலும் ஓடுமாம். நாகு போட்டோ ஸ்கிரீன்ல இருக்குல்லா, அதை அப்படியே இதுல ஏத்தித் தாறேன்னு மெக்கானிக் சொல்லுதாரு. மடியில வச்சுப் பாத்துக்கிடலாம். இந்தப் பெட்டி பழசு, ஃபேன் போயிட்டு, ரைஸ்மில் மாதிரி கத்துது, லேப்டாப்னா சத்தமே இருக்காதுங்காரு. இன்னொருத்தர்ட்ட கேட்டா, நாள் பூரா ஓடணும்னா லேப்டாப் சூடேறிப் போயிரும், வீட்டுக்கு டெஸ்க்டாப்தான் லாயக்கு, ஒரு சாமான் போனாலும் கழத்தி மாத்திக்கிடலாம்ங்காரு. நான் எதைத்தான் நம்ப?"



"அவங்க அதுல போட்டோவைத்தான் பாக்காங்களா?"

"வேற என்னத்தைப் பாக்கப் போறா?"

"நீங்க பாத்தீங்களா?"

கோட்டைச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். "வாசல்ல நின்னு பாப்பேன். முதுகுதான் தெரியும். உள்ள போகல சாமி. பிள்ள போனதுல இருந்து நான் அந்த ரூமுக்குள்ள கால் வைக்கல. வைக்க முடியல." பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு பேருமே செத்துத்தான் போனோம் சாமி. தூக்கிப் போட ஆளில்லாமக் கிடக்கோம்."

சாமி எழுந்தார். மற்றவர்கள் தங்கள் கேள்விகளோடு உட்கார்ந்திருக்க, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"வண்டிய எடுங்க அண்ணாச்சி. பெட்டியப் பாப்போம்."

மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்தார் சாமி. வழியெல்லாம் கோட்டைச்சாமி ஓயவில்லை. ராம் என்றார், ஹார்ட் டிஸ்க் என்றார், திரை எத்தனை அங்குலம் இருந்தால் கண்ணுக்கு நல்லது என்றார். பாவம், நிறுத்தினால் அழுதுவிடுவார் என்று அவருக்கே தெரியும். சாமி எல்லாவற்றுக்கும் "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார்.

தெருவாசலிலேயே சத்தம் கேட்டது. கடகடவென்று ஒரு இரைச்சல். நடுவில் திக்கும், மறுபடி ஓடும்.

கோட்டைச்சாமி அறை வாசலோடு நின்றுகொண்டார். சாமி உள்ளே போனார்.

மேஜைக்கு முன்னால் ஒரு நாற்காலி. அதில் ஆவுடையம்மாள். மேஜைக்குக் கீழே கம்ப்யூட்டர் பெட்டி. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தன.

"வாங்க சாமி" என்று ஆவுடையம்மாள் எழுந்தாள். "ஹால்ல சேர் கிடக்கு. எடுத்துட்டு வாறேன்."

"வேண்டாம்மா. நீங்க இருங்க." சாமி தரையில் உட்கார்ந்தார்.

அவளும் உட்கார்ந்தாள். ஆளை அடையாளம் தெரியவில்லை. கண் உள்ளே போயிருந்தது. 

சாமி அண்ணாந்து மேஜையைப் பார்த்தார்.

"ஏம்மா, ஸ்கிரீன் இருட்டாக் கிடக்கே."

"அதை நான் போடுறதே இல்ல சாமி."

வாசலில் நின்ற கோட்டைச்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"போட்டோ பாக்கறது இல்லையா?"

"ஒருநாள் போட்டுப் பாத்தேன். சிரிக்கா. பெத்தவளால அதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா சாமி? அணைச்சிட்டேன்."

"அப்ப பெட்டி மட்டும் எதுக்கும்மா ஓடுது?"

 ஆவுடையம்மாள் சேலை முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"எனக்குப் பக்கத்து ரூமு சாமி. ராத்திரி பூரா அவ இங்கன வேலை பாப்பா. சுவருக்கு அந்தப் பக்கம் நான் படுத்திருப்பேன். இந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். சத்தம் கேட்டா பிள்ள இருக்கான்னு அர்த்தம். அது நின்னா, வேலைய முடிச்சிட்டா, இனிமே தூங்கிருவான்னு நானும் கண்ண மூடுவேன். படிக்கிற காலத்துல வாங்குன பெட்டி. அன்னையில இருந்து எனக்கு அப்படித்தான்."

சாமி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இவுகளுக்குத் தெரியாது. விடியுமுன்ன மண்டிக்குப் போகணும்னு தலையச் சாச்ச உடனே தூங்கிருவாக. அவுகளக் குத்தம் சொல்லல சாமி. நாந்தான் கேட்டுக்கிட்டுக் கிடப்பேன். எத்தனை நாளு திட்டியிருக்கேன் தெரியுமா? இந்தக் காட்டுச் சத்தத்துல மனுஷி எப்படிளா தூங்கன்னு. அம்மா, பேசாமப் படும்மான்னு சொல்லுவா."

 வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.  

திடீரென்று பெட்டி திக்கியது. ஓட்டம் இழுத்து இழுத்துக் குறைந்தது. ஆவுடையம்மாள் பாய்ந்து குனிந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் உடம்பைப் பிடிப்பதுபோலத்தான் பிடித்தாள். உதடு என்னமோ முணுமுணுத்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கடகடவென்று ஓடத் தொடங்கியது.

"இப்படிப் பிடிச்சா ஓடுது" என்றாள். பிறகு நிமிராமலே கேட்டாள். "இவுக லேப்டாப் வாங்கப் போறாகளாமே. அதுக்குச் சத்தம் உண்டா சாமி?"

"இல்லம்மா."

ஆவுடையம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

சாமி இன்னும் கொஞ்ச நேரம் அந்த இரைச்சலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். பிறகு கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

கோட்டைச்சாமி அவருக்கு முன்னாலேயே தெருவுக்கு வந்துவிட்டார். மொபெட்டின் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் அழுது வீங்கியிருந்தது. மஞ்சள் பை சாக்கடை ஓரத்தில் கிடந்தது.

"ஒரே வீட்லதான் சாமி இருந்தேன். எனக்குத் தெரியலியே. அத்தனை வருஷம் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கேன்."

சாமி பையை எடுத்துத் தூசி தட்டி வண்டியில் மாட்டினார்.

"லேப்டாப் வேண்டாம் சாமி."

"ம்."

"புது டெஸ்க்டாப் வாங்கிருதேன். நல்லதா, நாள் பூரா ஓடுத மாதிரி."

"புதுசுக்கு இந்தச் சத்தம் வராது அண்ணாச்சி."

"பழசாத் தேடுறேன். தென்காசியில பழைய சாமான் விக்காங்க. இதே மாதிரிக் கத்துத பெட்டி ஒண்ணு கிடைக்காமலா போயிரும்?"

"அது நாகு பெட்டி இல்லன்னு அவங்களுக்குப் போட்ட உடனே தெரிஞ்சிரும்."

கோட்டைச்சாமி யோசித்தார். மண்டியில் ஒரு பேரம் படியவில்லை என்றால் அடுத்த பேரத்துக்குப் போகிற மனுஷன். 

"ஃபேன மட்டும் மாத்திட்டா?"

"மாத்தினா சத்தம் போயிரும்."

"மாத்தலன்னா?"

"நின்னுரும்."

"எப்ப நிக்கும்?"

"நீங்களும்தானே கேட்டீங்க, அது ஓடுத ஓட்டத்தை."

கோட்டைச்சாமி சீட்டை விட்டுவிட்டு அப்படியே தெருவில் குந்தி உட்கார்ந்தார். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாமியும் பக்கத்தில் குந்தினார்.

"அது நின்னா அவ தாங்க மாட்டா சாமி. இருக்கவே மாட்டா."

அப்படியெல்லாம் ஆகாது என்று சாமி ஒரு வார்த்தை சொல்வார் என்று கோட்டைச்சாமி அவர் முகத்தையே பார்த்தார். சாமி சொல்லவில்லை. 

கோட்டைச்சாமிக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

"மடத்துல வந்து கேட்டா, யாருக்குன்னு கேக்கீங்க. வீட்டுக்கு வந்தா, அதுவும் ஆகாது இதுவும் ஆகாதுங்கீங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன் சாமி. நான் என்னத்தத்தான் வாங்கட்டும்? ஏதாவது ஒண்ணச் சொல்லிட்டாவது போங்க!"

வீட்டுக்குள் இரைச்சல் திக்கியது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். மறுபடி ஓடியது.

"அந்த ரூம்ல ஒரு நாற்காலிதான் கிடக்கு அண்ணாச்சி. இன்னொண்ணு ஹால்ல சும்மாக் கிடக்கு" என்றார் சாமி.