புயல் இளைப்பாறிய நேரம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கடல் தண்ணீர் உப்புக் கரிக்கத் தொடங்கிய காலத்துக் கதை இது. அப்போது கானலூரைத் திரையன் என்ற அரசன் ஆண்டான். நல்லவன்தான், ஆனால் அவசரக்காரன்.

ஒருநாள் அவன் சபைக்கு நிலநடுக்கம், காட்டுத்தீ, புயல் மூன்றும் வந்தன. "எங்களில் யார் பலசாலி? நீயே சொல்!" என்று கேட்டன.

"கண் இமைப்பதற்குள் கோட்டையைச் சாய்ப்பேன்" என்றது நிலநடுக்கம்.

"ஒரு பொறி போதும், மலையையே மொட்டையடிப்பேன்" என்றது காட்டுத்தீ.

புயல் சிரித்தது. "காற்று, மழை, கடல் என்று மூன்று படையோடு வருவேன். ஒரு பக்கமாக அடிப்பேன். நடுவே சற்று இளைப்பாறுவேன். பிறகு மறுபக்கமாக அடிப்பேன்."

திரையன் யோசித்தான். நிலநடுக்கத்தின் ஆட்டம் நொடியில் முடிந்துவிடும். தீ ஆற்றங்கரையில் நின்றுவிடும். புயலோ ஆற்றையும் தாண்டும், நாடு நாடாகப் போகும். "புயலே பலசாலி!" என்றான். சபை ஆரவாரம் செய்தது. அரசி வேண்மாள் மட்டும் புயல் சொன்னதை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

கானலூருக்கு ஒரு வழக்கம் உண்டு. புயல் வந்து காற்று நின்றதும் ஊரே கடற்கரைக்கு ஓடி, உயிரோடு விட்டதற்காகக் கடலுக்குப் பூத்தூவி நன்றி சொல்லும். கடைசியாக வருபவருக்கு 'நன்றி கெட்டவர்' என்று பெயர். அந்தப் பெயருக்குப் பயந்து கிழவர்கள்கூட ஓடுவார்கள். அதுவரை வந்ததெல்லாம் ஊரை ஓரமாக உரசிப் போன புயல்கள். அதனால் காற்று ஒருமுறை நின்றால் நின்றதுதான், ஆபத்து நேர்ந்ததில்லை.

அந்த ஐப்பசியில் புயல் ஊருக்கு நேராகவே வந்தது. எல்லோரும் அரண்மனைக் கல்மண்டபத்தில் ஒண்டினார்கள். தென்னை சாய்ந்தது, கூரை பறந்தது, கடல் தெருவுக்குள் வந்தது. திடீரென்று காற்று நின்றது. வெயில்கூட எட்டிப் பார்த்தது.

"ஓய்ந்துவிட்டது! பூக்கூடையை எடுங்கள்!" என்றான் அரசன்.

வேண்மாள் கதவை மறித்து நின்றாள். "அரசே, இதுவரை ஒரு பக்கமாகத்தான் அடித்தது. மறுபக்கம் பாக்கி இருக்கிறது."

"காப்பாற்றிய கடலுக்கு நன்றி சொல்ல வேண்டாமா?"

"சொல்லலாம். சொல்வதற்கு நாம் உயிரோடு இருக்க வேண்டுமே."

"நன்றி கெட்டவளே!" என்று கத்தினான். கூட்டமும் சேர்ந்து கத்தியது. அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் நகரவில்லை.

சற்று நேரத்தில் மறுபக்கக் காற்று வந்து கதவில் மோதியது. அவர்கள் போய் நின்றிருக்க வேண்டிய கரையைக் கடல் விழுங்கியது. அரசன் ஓடிவந்து அவளோடு சேர்ந்து கதவுக்குத் தோள் கொடுத்தான்.

மறுநாள் ஊர் கரைக்குப் போனது. ஒரு குழந்தைகூடக் குறையவில்லை. களைத்துப்போன வேண்மாள் கடைசியாக நடந்தாள். திரும்பிப் பார்த்தால், அவளுக்கும் பின்னால் அரசன் பூக்கூடையோடு வந்துகொண்டிருந்தான்.

"இன்று நான்தான் கடைசி" என்றான். முதல் கைப்பிடிப் பூவை அவளிடம் நீட்டினான். "கடலுக்கு அப்புறம். முதலில் உனக்கு."

ஆகவே செல்வங்களே, ஆபத்து முழுதும் கடந்ததா என்று பார்த்தபின் நன்றி சொல்லுங்கள், அதையும் நம்மைத் தடுத்துக் காத்தவருக்கே முதலில் சொல்லுங்கள்.